வியாபாரக் குறியும் அதனைப் பதிவு செய்யும் முறையும்

கிராமங்களில் உண்டாகும் பண்டங்களின் தரத்தை உயர்த்த வேண்டுமென்று பலரும் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கின்றனர். எண்ணெயில் கலப்பு ஆகாது, நெசவில் இழை குறையலாகாது, வெல்லத்தில் தூசியும் மண்ணும் சேரலாகாது என்பவை யாவரும் கேட்டிருக்கும் புத்திமதிகளே. ஆனால் அவ்வாறு பாடுபட்டுத் தரத்தை உயர்த்திய பிறகு, அதனால் விளையும் நற்பெயர் யாரைப் போய்ச் சேருகிறது என்று ஆராய்வோர் மிகச் சிலர். உழைத்தவனுடைய நற்பெயர் உழைத்தவனையே சேரும்படி செய்வதற்குச் சட்டம் ஒரு சாதனத்தை அளித்திருக்கிறது. அதுவே வியாபாரக் குறி. இக்காலத்தில் இதனை வணிகச் சின்னம் என்றும், டிரேட் மார்க் என்றும் வழங்குவர். அது யாது, அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு பதிவு செய்துகொள்வது, பதிவு செய்தபின் எவ்வாறு காப்பாற்றுவது என்பவற்றை இப்பாடத்தில் முறையே கூறுவோம்.

1. நற்பெயர் யாருடைய கணக்கில் சேருகிறது?

முதலில் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடற்கரையோரத்துக் கிராமம் ஒன்றில் இருபது குடும்பத்தார் கருப்பட்டி காய்ச்சுகின்றனர். பதநீரைச் சுத்தமாக வடிகட்டி, சீனி கலவாமல், பதமறிந்து காய்ச்சுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர் அந்தக் கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாக வாங்கிச் சென்று, கிளிப்படம் போட்ட உறைகளில் அடைத்து விற்கிறார். நாளடைவில் வாங்குவோர் அதனைக் ‘கிளிக் கருப்பட்டி’ என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்குகின்றனர். பத்து வருஷம் கழிந்தபின், வேறோரிடத்தில் மலிவான சரக்குக் கிடைப்பதைக் கண்டு வியாபாரி அங்கே கொள்முதல் செய்யலானார். கிளிப்படமும் அவருடன் சென்றுவிட்டது. கிராமத்தார் முன்போலவே நல்ல கருப்பட்டி காய்ச்சியும், பட்டணத்தில் அவர்களை அறிவார் ஒருவருமில்லை. புதிய சரக்கு தரங்குறைந்ததாயிருந்தும், சில காலம் வரையில் பழைய நற்பெயரின் பலத்தால் அது விலைபோயிற்று.

இதில் வியாபாரி சட்ட விரோதமாக எதையும் செய்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படம் அவருடையது, உறையும் அவருடையது. உற்பத்தி செய்தோர் தங்களுக்கென்று ஓர் அடையாளமும் இல்லாமல் சரக்கை அனுப்பிவந்ததே குறை. உழுது பயிரிட்டவர் ஒருவர், பட்டா மற்றொருவர் பேரில் என்பது போன்ற நிலைமை இது. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, நற்பெயருக்கு வியாபாரக் குறி அப்படி.

2. வியாபாரக் குறி என்பது யாது?

இந்தியாவில் இப்பொழுது அமுலில் இருப்பது 1999 ஆம் வருஷத்து வியாபாரக் குறிச் சட்டமாகும். அது 2003 ஆம் வருஷம் செப்டம்பர் 15 ஆந் தேதி அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, ஒருவருடைய சரக்கையோ சேவையையோ மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரித்துக் காட்டவல்லதும், வரைந்து காட்டக்கூடியதுமான எந்த அடையாளமும் வியாபாரக் குறியாகலாம். சொல், பெயர், எழுத்து, எண், படம், கையெழுத்து, லேபில் என்பவையேயன்றி, சரக்கின் உருவமும், அதனை அடைக்கும் விதமும், நிறங்களின் சேர்க்கையும் கூடக் குறியாகக்கூடும்.

இது புதிதாக வந்த வழக்கமன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மில் துணிகளின் மீது வர்ணப் படங்களை ஒட்டி அனுப்புவார்கள். அவற்றுக்கு ‘டிக்கட்’ என்று பெயர். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித் தமக்கு வேண்டிய துணியைக் கேட்டு வாங்கினர். தீப்பெட்டிகளையும் ஜனங்கள் படத்தைக் கொண்டே அடையாளம் கண்டனர்.

குறிகளைச் சர்க்கார் புத்தகத்தில் பதிவு செய்யும் முறை இங்கிலாந்தில் 1876 ஆம் வருஷம் ஜனவரி 1 ஆந் தேதி தொடங்கிற்று. பாஸ் என்னும் மதுபான உற்பத்தியாளரின் சிவப்பு முக்கோணமே அங்கே முதலாவதாகப் பதிவு பெற்ற குறி. இந்தியாவில் இதற்கெனத் தனிப்பட்ட பதிவுச் சட்டம் 1940 இல் இயற்றப்பட்டு, 1942 ஜூன் 1 முதல் அமுல் நடத்தப்பட்டது. அதற்குமுன் வியாபாரிகள் தங்கள் குறியைப் பற்றி ஒரு பிரகடனம் எழுதி, தஸ்தாவேஜுப் பதிவு ஆபீசில் பதிந்து வைப்பது வழக்கம். 1940 ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1958 இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக இப்போதைய சட்டமும் ஏற்பட்டன.

3. போலிக் குறியைச் சட்டம் எவ்வாறு அளக்கிறது?

ஒரு குறி மற்றொன்றைப் போன்றிருக்கிறதா என்பதை எவருடைய கண்கொண்டு பார்ப்பது? படித்தவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் வேற்றுமை எளிதில் புலப்படும். ஆனால் கடையில் சரக்கு வாங்குவோர் அவ்வாறு செய்வதில்லை. இது பற்றிச் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த இரண்டு தீர்ப்புகள் கிராமவாசிகள் அறியத்தக்கவை.

முதலாவது, 1962 இல் முடிவான வழக்கு. ‘அம்ருததாரா’ என்ற பெயரில் ஒரு மருந்து வெகுகாலமாக விற்கப்பட்டு வந்தது. ‘லக்ஷ்மண்தாரா’ என்ற பெயரில் வேறொரு மருந்தை விற்றுவந்தவர் 1950 இல் அப்பெயரைப் பதிவு செய்ய மனுச் செய்தார். இரண்டு பெயர்களுக்கும் அர்த்தம் வேறு என்று வாதிக்கப்பட்டது. ஆனால் சாதாரண அறிவும், அரைகுறை ஞாபகமும் உடைய ஒருவர் பெயரைப் பதம் பிரித்து அர்த்தம் பார்த்துக் கொண்டிருக்கமாட்டார் என்றும், அம்மருந்தை வாங்குவோரிற் பலர் படிப்பறிவு குறைந்தவர்கள் என்றும், ஆகவே இரண்டு பெயர்களும் மயக்கம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்றும் கோர்ட்டார் கண்டனர்.

இரண்டாவது, 1972 இல் முடிவான பிஸ்கட்டு வழக்கு. பார்லே கம்பெனியாரின் உறையில் ஒரு பண்ணை வீடும், நடுவே வாளி ஏந்திய ஒரு பெண்ணும், சுற்றிலும் மாடுகளும் கோழிகளும் சித்திரிக்கப்பட்டிருந்தன. மைசூரைச் சேர்ந்த வேறொரு கம்பெனியாரின் உறையிலும் ஒரு பெண்ணும், மாடும், கோழிகளும் இருந்தன. ஆனால் இப்பெண் வாளிக்குப் பதிலாகப் புற்கட்டைச் சுமந்திருந்தாள். கோழிகளை எண்ணிப் பார்த்து வேற்றுமை கண்டுபிடிப்பது முறையன்று என்றும், உறையின் மொத்தத் தோற்றமும் முக்கிய அம்சங்களுமே கவனிக்கத்தக்கவை என்றும் கூறி, கோர்ட்டார் பார்லே கம்பெனியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர்.

எழுத்தறியாத வாங்குவோரையும் மனத்திற்கொண்டே சட்டம் குறியை அளக்கிறது என்பது இவற்றால் விளங்கும். ஆனால் முதல் வழக்கில் மற்றொரு பாடமும் உண்டு. இரு பெயர்களும் ஒத்திருந்தன என்று கண்டும், லக்ஷ்மண்தாராவின் மனுவை முழுவதும் தள்ளிவிட முடியவில்லை. அம்மருந்து 1923 முதல் பகிரங்கமாக விற்கப்பட்டு வந்ததும், அதனை அறிந்தும் அம்ருததாராக்காரர் சும்மா இருந்ததும் அதற்குக் காரணம். உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் விற்கலாம் என்ற நிபந்தனையின் பேரில் அப்பெயர் பதிவுக்கு அனுமதிக்கப்பட்டது. காலத்தில் ஆட்சேபிக்காதவர் பிறகு முழு உரிமையையும் கேட்க இயலாது.

4. எத்தகைய குறியைத் தெரிந்தெடுப்பது?

பதிவு ஆபீசில் மனுக்கள் தள்ளுபடியாவதற்குப் பெரும்பாலும் குறியைத் தெரிந்தெடுத்த விதமே காரணம். பின்வருவன ஒதுக்கத்தக்கவை:

(அ) சரக்கின் பெயரையோ குணத்தையோ மட்டும் சொல்லும் பதங்கள். ‘சுத்தத் தேன்’, ‘நயம் அரிசி’ என்பவை எல்லோருக்கும் பொதுவானவை. ஒருவர் தமக்கே உரியதென்று கொள்ள இயலாது. எண்ணெய்க்குச் ‘செக்கு’ என்பதும் இத்தகையதே.

(ஆ) சரக்கு உண்டாகும் ஊரின் பெயர் மட்டும். ஊர்ப் பெயருக்கு உள்ள தனி வழி பின்னர்க் கூறப்படும்.

(இ) சமய உணர்ச்சியைப் புண்படுத்துவன. மேலும், ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்னும் பெயரை ஒருவர் பதிவு செய்ய முயன்றபோது, புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கே உரியதாக்கிக் கொள்ள இயலாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 2015 இல் தீர்ப்பளித்தனர்.

(ஈ) தேசியக் கொடி, அரசாங்க முத்திரை, மகாத்மா காந்தியின் பெயர் அல்லது படம் முதலியன. இவை 1950 ஆம் வருஷத்துச் சட்டமொன்றினால் விலக்கப்பட்டிருக்கின்றன.

(உ) பிறர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கும் குறியை, ஒலியாலோ உருவத்தாலோ அர்த்தத்தாலோ ஒத்தவை. பெயர்பெற்ற குறியில் ஓரெழுத்தை மாற்றி வைத்துக்கொள்வது சாமர்த்தியம் போலத் தோன்றினும், தம் உழைப்பைப் பிறர் கணக்கில் எழுதுவதேயாகும்.

இனி, ஏற்கத்தக்கவை யாவை? புதிதாக உண்டாக்கப்பட்ட சொல் மிகச் சிறந்தது. அதற்கடுத்தது, சரக்கோடு யாதொரு சம்பந்தமுமில்லாத சாதாரணச் சொல்லும் படமும். நல்லெண்ணெய்க்கு ‘ஏணி’ என்பதைப் போன்ற குறி இதற்கு உதாரணம். ஏணிக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அதனாலேயே அது தனித்து நிற்கும். சொல்லுடன் எளிய படமொன்றையும் சேர்த்துக்கொள்வது நன்று. படம் சிறிதாக அச்சிட்டாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். குறியைக் கறுப்பு வெள்ளையில், நிற நிபந்தனையின்றிப் பதிவு செய்தால், எல்லா நிறங்களுக்கும் பதிவு செய்ததாகவே கருதப்படும்.

சித்திரக்காரரைக் கொண்டோ அச்சுக்கூடத்தாரைக் கொண்டோ படம் வரையச் செய்வோர், அப்படத்தின் முழு உரிமையையும் எழுத்து மூலமாகத் தமக்கு மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி கொடுத்துவிட்டதனால் மட்டும் படத்தின் பதிப்புரிமை தமக்கு வந்துவிட்டதென்று எண்ணலாகாது.

5. பதிவு செய்யாவிடில் என்ன?

பதிவு கட்டாயமன்று. பதிவு செய்யாமலே ஒரு குறியை நெடுங்காலம் உபயோகித்து நற்பெயர் பெற்றவருக்கும், பிறர் தம் சரக்கை அவருடையதென்று ஏமாற்றி விற்பதைத் தடுக்க வழக்குத் தொடர உரிமை உண்டு. முன்னதாகவே உபயோகித்து வந்தவரைப் பின்னர்ப் பதிவு செய்துகொண்டவர் தடுக்கவும் இயலாது.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குத் தக்க சான்று. மங்கலான விளக்கொளியில் அல்வா விற்ற கடைக்கு ஜனங்களே இட்ட பெயர் ‘இருட்டுக்கடை’. அப்பெயரின் முன் ஊர்ப் பெயரைச் சேர்த்துத் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று மற்றொருவர் வியாபாரம் செய்யவே வழக்கு உண்டாயிற்று. இரு திறத்தாரும் பதிவு பெற்றிருந்தனர். பதிவைக் காட்டிலும், முன்னரே உபயோகித்து நற்பெயர் ஈட்டியவரின் உரிமையே மேம்பட்டதென்று 2015 இல் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு கூறினர்.

அப்படியானால் பதிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதிவில்லாதவர் தமது நற்பெயரையும், அது எந்தெந்த இடங்களில் எத்தனை காலமாகப் பரவியிருக்கிறதென்பதையும் ஒவ்வொரு வழக்கிலும் சாட்சிகளாலும் கணக்குகளாலும் நிரூபிக்க வேண்டும். பில் புத்தகமே இல்லாத சிறு தொழிலாளிக்கு இது எளிதன்று. பதிவு பெற்றவருக்கோ பதிவுச் சான்றே முதல் அத்தாட்சி. அவ்வுரிமை இந்தியா முழுவதும் செல்லும். மேலும், போலி செய்தவர் எங்கிருப்பினும், பதிவு பெற்றவர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து ஜில்லாக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடரலாம். தூர தேசத்துக்கு அலையமுடியாத கிராமத்தாருக்கு இது பெரிய சகாயம்.

6. பதிவு செய்யும் முறை

வியாபாரக் குறிப் பதிவின் தலைமை ஆபீஸ் மும்பையிலும், கிளைகள் சென்னை, டில்லி, கல்கத்தா, ஆமதாபாத் ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலுங்கானா ஆகியவற்றில் தொழில் செய்வோர், சென்னை கிண்டியிலுள்ள ஆபீசுக்கு மனுச் செய்ய வேண்டும். இப்பொழுது இணையத்தின் வழியாகவும் மனுவை அனுப்பலாம்; அதற்கு மின் கையெழுத்து வேண்டும்.

முதலாவது, தேடிப் பார்த்தல். தெரிந்தெடுத்த குறியையோ அதனை ஒத்ததையோ வேறு எவரேனும் பதிவு செய்திருக்கிறாரா என்பதை ஆபீசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். எழுத்தைக் கொண்டு மட்டுமன்றி, ஒலியைக் கொண்டும் தேட வேண்டும். லேபில் அச்சிடுமுன் இதனைச் செய்தால், பின்னர் அச்சிட்டதையெல்லாம் எரிக்க நேராது.

இரண்டாவது, வகுப்பைத் தீர்மானித்தல். சர்வதேச முறைப்படி சரக்குகள் 34 வகுப்புகளாகவும், சேவைகள் 11 வகுப்புகளாகவும், ஆக 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கிராமத் தொழில்களுக்கு உரியவை சில: ஊதுவத்தியும் சோப்பும் 3, மண்பாண்டம் 21, கயிறு 22, துணி 24, தைத்த உடை 25, பாய் 27, சமையல் எண்ணெய், நெய், ஊறுகாய் 29, அரிசி, மாவு, வெல்லம், தேன், மசாலைப் பொடி 30, விதையும் பசிய காய்கறியும் 31, தீப்பெட்டி 34. ஒரு வகுப்பில் பெற்ற பதிவு மற்ற வகுப்புகளுக்குத் தானே செல்லாது.

மூன்றாவது, யார் பேரில் மனுச் செய்வதென்று முடிவு செய்தல். இதில் மிக்க ஜாக்கிரதை வேண்டும். பலர் கூடி நடத்தும் தொழிலில், காரியதரிசியின் பேரிலோ, சரக்கை வாங்கும் வியாபாரியின் பேரிலோ பதிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் அவர் விலகும்போது குறியும் அவருடன் விலகும். சங்கத்தைச் சட்டப்படி பதிந்து, சங்கத்தின் பேரிலேயே மனுச் செய்வது நன்று. கூட்டாளிகள், கூட்டு கலைந்தால் குறி யாருக்கு என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மனு. இதற்குரிய பாரம் ‘டி.எம்.-ஏ.’ என்பது. மனுதாரரின் பெயர், விலாசம், குறியின் பிரதி, சரக்கின் விவரம், வகுப்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். குறியின் பிரதி 8 செண்டிமீட்டர் சதுரத்துக்கு மேற்படலாகாது. குறியில் தமிழெழுத்து இருப்பின், அதன் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதிச் சேர்க்க வேண்டும். குறி ஏற்கெனவே உபயோகத்தில் இருந்தால், எந்தத் தேதி முதல் என்று கூறி, அதற்குப் பிரமாணப் பத்திரமும் பில், விளம்பரம் முதலிய ருசுக்களும் தாக்கல் செய்ய வேண்டும். இனிமேல்தான் உபயோகிக்கப் போகிறோமென்றால் அவ்வாறே கூறலாம். உண்மைக்கு மாறான தேதியைப் போடுவது பின்னர் வழக்கில் கேடாய் முடியும்.

கட்டணம், 2017 ஆம் வருஷத்து விதிகளின்படி, தனி மனிதருக்கும், புதுத் தொழில் நிறுவனங்களுக்கும், சிறு தொழிலென்று அத்தாட்சி காட்டுவோருக்கும், ஒரு வகுப்புக்கு இணையத்தின் மூலம் ரூ.4,500, நேரில் கொடுத்தால் ரூ.5,000. மற்றவர்களுக்கு முறையே ரூ.9,000, ரூ.10,000. பதிவின் காலம் பத்து வருஷமாதலால், இணையத்தின் மூலம் மனுச் செய்யும் சிறு தொழிலாளிக்கு ஒரு வகுப்புக்கான செலவு மாதம் ரூ.40க்கும் குறைவேயாகும். வக்கீல் அல்லது பதிவு பெற்ற ஏஜெண்டை அமர்த்தினால் அவர் ஊதியம் தனி. அவர்களை அமர்த்தாமல் தாமே மனுச் செய்யவும் சட்டம் இடந்தருகிறது.

ஐந்தாவது, பரிசோதனை. ஆபீசார் மனுவைப் பரிசீலித்து, ஆட்சேபம் இருந்தால் அறிக்கை அனுப்புவர். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் அளிக்க வேண்டும். தேவையானால் நேரில் விசாரணையும் நடைபெறும். பல மனுக்கள் குறை காரணமாக அல்ல, பதில் அனுப்பாமையினாலேயே கைவிடப்பட்டனவாகக் கருதப்படுகின்றன. ஆதலால் மனுவில் எழுதிய விலாசமும், மின்னஞ்சலும் எப்போதும் கவனிக்கப்படுபவையாக இருத்தல் அவசியம்.

ஆறாவது, பிரசுரம். ஏற்கப்பட்ட குறி, வியாபாரக் குறிப் பத்திரிகையில் வெளியிடப்படும். வெளியான நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்மனுச் செய்யலாம். எதிர்மனு வந்தால், அதன் பிரதி கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகும்.

ஏழாவது, பதிவு. எதிர்ப்பு இல்லாவிடினும், இருந்து தீர்ந்தாலும், சான்றிதழ் அளிக்கப்படும். பதிவு, மனுச் செய்த தேதி முதலே செல்லுபடியாகும். ஆகவே மனுவைத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் உரிமையில் ஒரு மாதம் குறைவதாகும்.

7. பதிவுக்குப் பின் செய்யவேண்டுவன

பதிவு ஆகுமுன் குறியின் அருகே ‘டி.எம்.’ என்னும் ஆங்கில எழுத்துக்களை இட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தைப் பதிவு பெற்ற பிறகே இடலாம்; முன்னதாக இடுவது சட்டத்துக்கு விரோதம்.

பத்து வருஷம் முடிவதற்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் புதுப்பிக்கும் மனுவைக் கொடுக்க வேண்டும். கட்டணம் ஒரு வகுப்புக்கு இணையத்தில் ரூ.9,000, நேரில் ரூ.10,000. தவறியவருக்கு மேலும் ஆறு மாதம் அதிகக் கட்டணத்தின் பேரில் தவணை உண்டு. இவ்வாறு பத்துப் பத்து வருஷமாக எத்தனை காலமும் புதுப்பித்துக்கொள்ளலாம். புத்தகத்தின் பதிப்புரிமைக்கும், புதுக்கருவியின் பேடண்டுக்கும் முடிவுகாலம் உண்டு. வியாபாரக் குறிக்கு முடிவுகாலம் இல்லை.

ஆனால் உபயோகம் வேண்டும். பதிவு செய்த குறியைத் தொடர்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் உபயோகிக்காமல் விட்டால், பாதிக்கப்பட்ட பிறர் மனுச் செய்து அதனை நீக்கிவிடலாம். பில், லேபில், விளம்பரம் ஆகியவற்றின் பிரதிகளைத் தேதி வாரியாகக் கட்டி வைப்பது நல்ல பழக்கம். போலியைக் கண்டால் உடனே எழுத்து மூலமாக ஆட்சேபிக்க வேண்டும். பிறர் குறியைப் பொய்யாக இடுவது சிவில் வழக்குக்கு மட்டுமன்றி, சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமுமாகும்.

குறி ஒரு சொத்து. அதனை விற்கலாம், பிறருக்கு அனுமதி கொடுக்கலாம், வாரிசுக்கு விடலாம். ஆனால் அதன் மதிப்பு முழுவதும் சரக்கின் தரத்தில் நிற்கிறது. கலப்படச் சரக்கின்மேல் பதிந்த குறி, வாங்குவோர் எதனை ஒதுக்கவேண்டுமென்று தெரிந்துகொள்வதற்கே பயன்படும்.

8. ஊர்ப் பெயருக்கு உள்ள தனி வழி

மதுரை மல்லி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பத்தமடைப் பாய் என்பவற்றில் நற்பெயர் தனி மனிதருடையதன்று, ஊருக்கே உரியது. இத்தகைய பெயர்களுக்காக 1999 இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் என்ற மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. இதன் பதிவு ஆபீஸ் இந்தியா முழுவதற்கும் சென்னையிலேயே இருக்கிறது. மதுரை மல்லி 2013 இலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019 இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 இலும் பதிவாயின.

இதில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஊர்ப் பெயரைச் சங்கமொன்று பதிவு செய்துவிட்டால் போதாது. அங்கே உற்பத்தி செய்யும் ஒவ்வொருவரும் தம்மை ‘அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்’ என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் 2020 இல் ரூ.500 இலிருந்து ரூ.10 ஆகக் குறைக்கப்பட்டது. ஊர்ப் பெயர் பொதுக் கிணறு போன்றது. சொந்தக் குறி வீட்டுக் குடம் போன்றது. இரண்டையும் ஒரே லேபிலில் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

சங்கத்தின் அங்கத்தினர் அனைவரும் ஒரே குறியை உபயோகிக்க விரும்பினால், வியாபாரக் குறிச் சட்டத்தின் கீழேயே ‘கூட்டுக் குறி’ என்ற வகையில் பதிவு செய்யலாம். யார் உபயோகிக்கலாம், எந்தத் தரத்துக்குக் குறைந்தால் அனுமதி ரத்தாகும் என்ற விதிகளையும் மனுவுடன் சேர்க்க வேண்டும். முற்கூறிய கருப்பட்டிக் கிராமத்தைப் போன்ற இடங்களுக்கு இதுவே ஏற்ற வழி.

9. கூட்டங்களில் ஆராயத்தக்க வினாக்கள்

இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்திலோ வாசகசாலையிலோ வாசித்தபின், கீழ்க்கண்ட வினாக்களுக்கு அங்கத்தினர் தம் ஊர் நிலைமையைக் கொண்டு விடை காண முயல்வாராக.

(1) நம் ஊரிலிருந்து வெளியே செல்லும் சரக்குகளில், நம் அடையாளத்தோடு செல்பவை எத்தனை? பிறர் அடையாளத்தோடு செல்பவை எத்தனை?

(2) நாம் இப்பொழுது உபயோகிக்கும் குறி, எழுத்தறியாத ஒருவர் ஒருமுறை பார்த்து மறுமுறை கேட்டு வாங்கக்கூடியதா?

(3) அக்குறி யார் பேரில் இருக்கிறது? அவர் நாளை விலகினால் அது யாருடன் செல்லும்?

(4) அதனை எந்த வருஷம் முதல் உபயோகிக்கிறோம் என்பதற்கு நம்மிடம் என்ன ருசு இருக்கிறது?

(5) நம் ஊர்ப் பெயரில் புவிசார் குறியீடு பதிவாகியிருப்பின், உற்பத்தி செய்வோரில் எத்தனை பேர் அங்கீகாரம் பெற்றிருக்கின்றனர்?